மூன்றே வரிசையில் ஒரு குரோஷா லேஸ்

நான் முதன்முதலில் போட்ட லேஸ் வில் மாதிரி வளைந்துபோனது. மேலே எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அடிச்சங்கிலியைத்தான் (ஊசியில் உள்ள வளையத்துக்குள் நூலை மாட்டி இழுத்து இழுத்து முதலில் போடும் சங்கிலி) இறுக்கிப் போட்டுவிட்டேன். அதனால் அடிச்சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கையைத் தளர்த்திப் போடுங்கள்.

10-ஆம் நம்பர் பருத்தி நூல், 1.5 மி.மீ. ஊசி இருந்தால் போதும். நூலின் நம்பர் கூடக்கூட நூல் மெலிசாகும். கறுப்பு நூல் வேண்டாம், கண்ணியே (நூல் வளையம்) தெரியாது.

சங்கிலியைத் தவிர, தெரிய வேண்டிய தையல் இரண்டு. சிங்கிள்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் 2 கண்ணி நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் சேர்த்து இழுக்க வேண்டும். டபுள்: நுழைக்கும் முன்பே ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்ற வேண்டும். நுழைத்து இழுத்தால் 3 கண்ணி. முதலில் இரண்டுக்குள் இழுத்து, அப்புறம் மிச்சம் இரண்டுக்குள் இழுங்கள். இவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் இதே சிங்கிளுக்கு டபுள் என்றும், டபுளுக்கு ட்ரெபிள் என்றும் பெயர். வேறு டிசைனைப் பார்த்துப் போடும்போது இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

முதல் வரிசை: சுருக்கு முடிச்சு போட்டு 38 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். முடிவில் 37 இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். 36 வந்தால் எங்கோ ஒன்றைத் தாண்டிவிட்டீர்கள், இப்போதே பிரித்துவிடுவது நல்லது. நீளம் கூட வேண்டுமானால் சங்கிலியை ஆறு ஆறாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் வரிசை: திருப்பி 4 சங்கிலி போடுங்கள். இதில் 3 முதல் தூணுக்கு (டபுள் மாதிரி நிமிர்ந்து நிற்பது), 1 ஜன்னலுக்கு (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடைவெளி). அடுத்த சிங்கிளை விட்டு, அதற்கடுத்ததில் ஒரு டபுள். பிறகு 1 சங்கிலி, ஒன்றை விட்டு ஒரு டபுள் என்று கடைசி வரை. 18 ஜன்னல் கிடைக்கும்.

மூன்றாம் வரிசையில்தான் லேஸ் களை கட்டும். திருப்பி 1 சங்கிலி, முதல் தூணின் தலையில் ஒரு சிங்கிள். முதல் ஜன்னலை விட்டு, இரண்டாவது ஜன்னலுக்குள் 5 டபுள். மூன்றாவதை விட்டு, அதைத் தாண்டி நிற்கும் தூணில் ஒரு சிங்கிள். அவ்வளவுதான், ஒரு சிப்பி வந்துவிட்டது. நடுவில் மொட்டு வேண்டுமென்றால், மூன்றாவது டபுள் முடிந்ததும் 3 சங்கிலி போட்டு, அதே டபுளின் தலையில் ஊசியை நுழைத்து, நூலை ஒரே இழுப்பில் எல்லாவற்றுக்குள்ளும் கொண்டுவாருங்கள். அப்புறம் மிச்சம் 2 டபுள். இப்படி மொத்தம் 6 சிப்பி. கடைசி சிங்கிள், முந்தைய வரிசை ஆரம்பத்தில் போட்ட 4 சங்கிலியில் கீழிருந்து மூன்றாவதில் விழ வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் ஓரம் சாய்ந்து நிற்கும்.

நூலை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, நுனியைத் தையல்களுக்குள் ஒளித்துவிடுங்கள். இப்போது லேஸ் கசங்கி, பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு மொட்டையும் இழுத்து துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள். லேஸைத் துணியில் தைப்பதற்கு முன், துணியையும் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் துணி சுருங்கி, லேஸ் அலை அலையாகத் தொங்கும்.