ரிலே 'டக்'கென்றால் போதாது

பழைய காரில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? லைட்டுக்குக் கரண்டை இணைத்துவிடும் சின்ன மின்காந்த சுவிட்சான ரிலேயில் 'டக்' சத்தம் வருகிறதே என்று அதை விட்டுவிட்டு ஒயரிங்கைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ('காயில்') இழுக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சாட்சி. உள்ளே கரண்டைச் சேர்க்கும் முனை ('காண்டாக்ட்') கருகிப்போயிருந்தாலும் அதே சத்தம்தான் வரும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ரிலேயைக் கழற்றாமல், லைட் எரியும்போதே 30, 87 என்று குறித்த முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். பழைய லூகாஸ் ரிலே என்றால் அவை சி1, சி2 என்றிருக்கும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வோல்டேஜ் பல்புக்குப் போகாமல் ரிலேக்குள்ளேயே சூடாக வீணாகிறது. சுவிட்சைப் போட்டும் முழு 12 வோல்ட் காட்டினால் காண்டாக்ட் சேரவே இல்லை.

சத்தமே இல்லையா? நான் முதலில் பார்ப்பது ரிலேயின் எர்த் ஒயரைத்தான். பாடியில் முடுக்கிய இடத்தில் துரு ஏறியிருக்கும்; சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அதன் பிறகும் அசையாவிட்டால் ரிலேயைக் கழற்றி, காயிலின் முனைகளான 85, 86 இடையே ஓம் அளவைப் பாருங்கள். 12 வோல்ட் ரிலேக்குப் பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது, ரிலேயை மாற்றத்தான் வேண்டும்.