ஒரு போன், ஐந்து பிள்ளைகள், ஐந்து ஷொட்: பின்னேர வகுப்பில் படம் எடுக்கப் பழக்குதல்

முதல் நாளே "கதை எழுதிக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். சண்டை, பிரிவு, சாவு என்று பிள்ளைகள் மூன்று மணி நேரப் படத்தை எழுதி வருவார்கள். எடுக்க முடியாமல் வகுப்பே கலைந்துவிடும். பேச்சில்லாத அரை நிமிடப் படம் போதும். மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசும் ஒருவரை எடுப்போம். அவரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். பிள்ளைகள் கரையிலேயே நிற்கட்டும், வாவியில் முதலை உண்டு.

படி 1: குழு
கமரா, ஒலி, இயக்கம், கொப்பியில் ஷொட் குறிப்பு, கரையில் ஆள் குறுக்கே வராமல் பார்ப்பது: ஐந்து வேலை. ஒவ்வொரு ஷொட்டுக்கும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் சொந்தக்காரப் பிள்ளைதான் கடைசிவரை கமராவை வைத்திருக்கும்.

படி 2: போன்
ஃபிளைட் மோட். வீடியோ செட்டிங்கில் 1080பி, விநாடிக்கு 30 ஃபிரேம். போனைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். 2 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள்.

படி 3: வெளிச்சம்
பாடசாலை விட்டு, சாப்பிட்டு வந்து, நாலே காலுக்குத் தொடங்கினால் ஒரு மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாவியைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம். கரையைப் பார்ப்பவரின் முகம் தெளிவாக விழும். கிழக்குக் கரையான எழுவான்கரையில் அதே நேரம் சூரியன் வாவிக்கு மேலே நிற்கும், முகம் கரிக்கட்டையாகிவிடும். அங்கே என்றால் பக்கவாட்டில் நின்று, திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள்.

படி 4: ஐந்து ஷொட்
கரையும் ஆளும் தெரியும் தூரக் காட்சி. வலையை மடித்து முழங்கையில் போடும் கைகளின் குளோசப், ஈயக் குண்டுகள் தெரிய வேண்டும். தண்ணீரைப் பார்க்கும் முகம். பின்னால் இருந்து, வலை வட்டமாக விரிவது. கண்ணியிலிருந்து மீனைக் கழற்றும் விரல்கள்.

ஒவ்வொன்றும் 10 விநாடி, கமரா அசையக்கூடாது. ட்ரைபொட் இல்லையா? கதிரை முதுகில் கையை ஊன்றிக்கொள்ளலாம். அதிகம் பிழை விடுவது நாலாவது ஷொட்டில்தான். வலை கையை விட்டதும் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். வலை அமிழ்ந்து, கயிறு இறுகும் வரை கமரா ஓடவேண்டும். தவறினால், "மாமா, இன்னொருக்கா வீசுவீங்களா?" என்று பிள்ளையே போய்க் கேட்கட்டும்.

படி 5: ஒலி
படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கச்சான் காற்று போன் மைக்கில் "பர்ர்" என்று மோதி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஒலிக்கென்று இன்னொரு போன் கிடைத்தால், அதன் மைக்கில் மெல்லிய பருத்திக் காலுறையை மாட்டி, காற்றுக்கு முதுகு காட்டி, வலைக்கு ஒரு முழத் தூரத்தில் பிடியுங்கள். தொடங்கும்போது கமரா முன் ஒருதரம் கைதட்டினால், பிறகு ஒலியையும் படத்தையும் அந்த இடத்தில் பொருத்தலாம்.

படி 6: வெட்டு
ஒவ்வொரு ஷொட்டிலும் நல்ல 6 விநாடியை மட்டும் வையுங்கள். பாட்டுப் போட வேண்டாம், ஈயம் உரசும் சத்தமே கேட்கட்டும். முடிந்ததும் வலை வீசியவரிடம் காட்டுங்கள். "வலையை இழுத்தது எங்க?" என்று அவர் கேட்டால், ஆறாவது ஷொட் எதுவென்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.