மூன்றாம் பாகத்தில் தொடங்காதீர்கள்: ஃபேன்டஸி நாவல் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபேன்டஸி நாவல் எனக்கு ஒத்துவராது" என்று சொல்பவரிடம், எந்தப் புத்தகத்தில் தொடங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கையில் கிடைத்ததை எடுத்தேன் என்பார். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு தடித்த புத்தகம். அல்லது மச்சான் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் இருந்த ஒன்று. ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாமல் மூடிவைத்திருப்பார். துப்பறியும் கதையை எந்த எண்ணில் எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். மாயமும் கற்பனை உலகமும் கொண்ட ஃபேன்டஸி அப்படியல்ல; ஒரே கதை பெரும்பாலும் பாகம் பாகமாக நீளும். தோற்கடித்தது பெரும்பாலும் அந்தப் பாகம்தான். பழி மட்டும் முழு வகைமையின் தலையில் விழுகிறது.

ஆகவே கடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். அட்டையில் தலைப்புக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் எளிதில் தெரியாத அளவுக்குச் சிறிய எழுத்தில் இது எத்தனையாவது பாகம் என்று போட்டிருப்பார்கள். சில பதிப்புகளில் அதுவும் இராது. அப்போது உள்ளே திறந்து, தலைப்புப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தாள்களைப் புரட்டுங்கள். அதே ஆசிரியரின் மற்ற நூல்கள் அங்கே தொடர் வாரியாக அச்சிடப்பட்டிருக்கும். கையில் உள்ள தலைப்பு அந்த வரிசையில் முதலாவதாக இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். பழைய புத்தகமானால் இன்னொன்றையும் பாருங்கள்: முன்பக்கத்தில் உள்ள, கதை நடக்கும் உலகின் வரைபடத்தை யாராவது கிழித்திருக்கிறார்களா, கடைசிப் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா. நடைபாதையில் விற்கும் கள்ளப் பதிப்புகளில் வரைபடம் பெரும்பாலும் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் இருக்கும். ஊர்ப்பெயர் ஒன்றையும் படிக்க முடியாது.

மூன்று தொகுதிகளாக இருப்பதெல்லாம் மூன்று நாவல்கள் என்று எண்ணுவதும் தவறு. ஜே. ஆர். ஆர். டொல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் அவர் எழுதியது ஒரே நாவல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடதாசி விலையும் அச்சுச் செலவும் ஏறியிருந்ததால் பதிப்பகம் அதை வெட்டியது. முதல் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் கதை ஒரு முடிச்சில்கூட நிற்பதில்லை, பாதிவழியில் நிற்கிறது. "முடிவே சப்பென்று இருக்கிறது" என்று முதல் தொகுதியைப் பற்றிக் குறை சொல்பவர்கள் மூன்றில் ஒரு பங்கை வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

வரிசை விடயத்தில் பதிப்பகங்களையும் முழுதாக நம்ப முடியாது. சி. எஸ். லூயிஸின் நார்னியா நூல்கள் ஏழும் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. இன்று கடையில் கிடைக்கும் தொகுப்பில் ஒன்று என்று எண் போட்டிருப்பது 1955-இல் ஆறாவதாக வெளிவந்த நூலுக்கு. கதைக்குள் நடக்கும் காலத்தின்படி அதுதான் முதலாவதாம். ஆனால் 1950-இல் வந்த நூலில்தான், அஸ்லான் என்ற சிங்கம் யாரென்று கதையில் வரும் பிள்ளைகளைப் போல வாசகருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் ஆசிரியர் கதை சொல்கிறார். பிள்ளைகள் அலுமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் வெளிவரும்போது நமக்கும் அது புதிதாக இருக்க வேண்டும். ஆறாவதை முதலில் வாசித்தவருக்கு அலுமாரியின் பூர்வீகமே தெரிந்துவிடும். பிறகு என்ன வியப்பு மிஞ்சும்? சந்தேகம் வந்தால் வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே வாசியுங்கள்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. டெரி பிரட்செட் 'டிஸ்க்வேர்ல்ட்' என்ற தமது தட்டை உலகத்தை வைத்து 1983 முதல் 2015 வரை நாற்பத்தொரு நாவல்கள் எழுதினார். முதல் இரண்டும் அக்கால ஃபேன்டஸி நாவல்களைக் கேலி செய்பவை. கேலி செய்யப்படுவது எதுவென்று தெரியாதவருக்குப் பாதி நகைச்சுவை போய்விடும். மரணமே ஒரு பையனை வேலைக்கு அமர்த்தும் 'மோர்ட்', அல்லது ஊர்க் காவலர்களைப் பற்றிய 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' என்று தொடங்கினால் மனுஷர் உங்களைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலான நாவல்கள் தனித்தனியே நிற்கும். நாற்பத்தொன்றையும் எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

முடியாத தொடரை, முடியவில்லை என்பது தெரியாமலே தொடங்குவது அடுத்த தவறு. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் சிம்மாசனப் போட்டித் தொடர் 1996-இல் தொடங்கியது. ஐந்தாம் நூல் 2011-இல் வந்தது. ஆறாவதை உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அதை வைத்து எடுத்த 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் தன் பாட்டில் 2019-இல் முடிந்தும் போனது. ரொபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய 'வீல் ஒஃப் டைம்' தொடரை முடிக்காமலே 2007-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிரண்டன் சண்டர்சன் எழுதி, பதினான்காவது நூலோடு 2013-இல் முடித்துவைத்தார். தொடங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து தொடங்குங்கள் என்கிறேன். காத்திருப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதியபோது வாசகர்கள் அத்தியாயம் அத்தியாயமாகக் காத்திருந்தார்கள். சஞ்சிகைத் தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. ஓரத்தில் தைல விளம்பரமும் ஒரு பக்கத் துணுக்கும் அப்படியே இருக்கும்.

அந்த நாவலைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஃபேன்டஸியில் பெயர்கள் அதிகம், மனத்தில் நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் பலர் அதை இரண்டு மூன்று முறை வாசித்தவர்கள். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போகும்போது பழுவேட்டரையர் இருவர் என்பதோ, யார் பெரியவர், யார் சின்னவர் என்பதோ வாசகருக்குத் தெரியுமா? தெரியாது. குதிரையின் பின்னால் போனோம், போகப்போகத் தெரிந்தது. பாரதத்து உறவுமுறைகளைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் ஆங்கில நாவலின் வம்சாவளியைக் கண்டு மிரள்வது வேடிக்கைதான். வரைபடத்தையும் பின்னிணைப்பையும் பரீட்சைக்குப் போல் மனப்பாடம் செய்துவிட்டுக் கதைக்குள் நுழைவதுதான் தவறு. நேரே முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். வழி தவறிய இடத்தில் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியை எடுப்பதும் இதே இனம். பாதிச் சொற்கள் ஆசிரியரே உண்டாக்கியவை, எந்த அகராதியிலும் இரா. (டொல்கீன் இளவயதில் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியில் வேலை பார்த்தவர் என்பது தனிக் கதை.) ஆங்கிலமே தடை என்றால் ஹரி பொட்டர் கதை தமிழில் வந்திருக்கிறது. அதில் தொடங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செப்டம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது, "தம்பி, பதின்மூன்று வயது மகளுக்கு ஒரு நல்ல கதைப்புத்தகம் தாங்கோ" என்று கேட்டு, டிராகனோ கிரீடமோ பூவோ போட்ட அட்டையைப் பார்த்து வாங்கிச் செல்லும் தாய்மாரைக் காணலாம். மாயம் வந்தாலே சிறுவர் கதை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அம்புலிமாமா வாசித்து வளர்ந்ததன் விளைவாக இருக்கலாம். சாரா ஜே. மாஸ் 2015-இல் தொடங்கிய தேவதை அரசவைத் தொடர் முதலில் பதின்வயதினர் வரிசையில்தான் விற்கப்பட்டது. பின்னர் பதிப்பகமே அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பகுதிக்குக் கொண்டுபோனது. படுக்கையறைக் காட்சிகள் அதில் தாராளம். 2023-இல் வெளிவந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்த ரெபேக்கா யாரோஸின் டிராகன் கல்லூரி நாவலும் வயது வந்தவர்களுக்கானதே. பெரியவர்கள் வாசிப்பதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அட்டையை நம்பிப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் பிசகு. நூலின் நடுவிலும், முக்கால் பங்கு தாண்டியும் இரண்டிரண்டு பக்கம் நின்றபடியே வாசித்துவிடுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு, வெட்கப்பட்டுக்கொண்டு வாசிப்பது.

நமது இலக்கியச் சூழலில் அதற்கு வரலாறு இருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் வலுவாக இருந்த காலத்திலிருந்தே, சமூக யதார்த்தத்தைச் சொல்வதுதான் எழுத்து என்ற அளவுகோல் இங்கே ஓங்கி நின்றது. அது தந்த நன்மைகள் பல. தோட்டத்துத் தொழிலாளியும் சாதியால் ஒடுக்கப்பட்டவரும் கதைக்குள் வந்தது அதன் கொடை. கூடவே, மனம் இலேசாகும்படி எழுதப்பட்ட எதுவும் பொழுதுபோக்குக் குப்பை என்ற முகச்சுளிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு போர். இவ்வளவும் நடந்த நாட்டில் இருந்துகொண்டு டிராகன் கதை வாசிக்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான்.

டொல்கீன் மாயக்கதைகளைப் பற்றி 1939-இல் ஆற்றிய உரை பின்னர் கட்டுரையாக விரிந்தது. இத்தகைய கதைகளைத் தப்பியோடல் என்று பழிப்பவர்கள், சிறையில் இருப்பவன் வெளியேறி வீடு போக நினைப்பதையும், படையிலிருந்து ஒருவன் தப்பியோடுவதையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள் என்று அதில் அவர் வாதிடுகிறார். இதைச் சொன்னவர் முதலாம் உலகப் போரில், 1916-இல் பிரான்சின் சொம் போர்முனையின் பதுங்குகுழியில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர். போரைக் காணாதவர் எழுதிய கனவு என்று அவர் நாவலைத் தள்ளிவிட முடியாது. ஊரடங்கு நாட்களில் வெள்ளவத்தை வீடுகளுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கும், 2022-இல் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்ட மின்வெட்டில் மெழுகுதிரியோடு இருந்தவர்களுக்கும், கையில் ஒரு கதை இருப்பது எப்படிப்பட்ட உதவி என்று தெரியும்.

இந்த வகை எழுத்து இங்கிலாந்தின் காடுகளிலும் அமெரிக்கச் சந்தையிலும் மட்டுமே விளைவது என்று நினைப்பதும் காலம் கடந்த எண்ணம். ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' 2022-இல் புக்கர் பரிசு பெற்றது. கொலை செய்யப்பட்ட போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் ஆவியாக இதே கொழும்பில் அலையும் கதை அது. அதில் மறுவுலகத்தின் முதல் காட்சியே கூட்டமும் கூச்சலுமான ஓர் அலுவலகம். நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. வஜ்ர சந்திரசேகரவின் 'த செய்ன்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2023-இல் வெளிவந்து, அறிபுனைக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் நெபியூலா விருதை வென்றது. முகச்சுளிப்போடு கேள்வி கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் கொடுத்துப் பார்க்கலாம். நாட்டை விட்டுத் தப்பிக்கும் கதைகள் அல்ல அவை.

"ஹரி பொட்டர் மாதிரி இன்னொன்று சொல்லுங்கள்" என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். அதில் எது பிடித்தது? விடுதிப் பள்ளியா, கூட்டாளிகளா, ஏழு நூலுக்கும் நீளும் மர்மமா, சிரிப்பா? சிரிப்பு என்றால் பிரட்செட்டிடம் போகலாம். மந்திரப் பள்ளி என்றால் அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசர்ட் ஒஃப் ஏர்த்சீ' இருக்கிறது. மெல்லிய நூல். முழுவதும் தீவுகள், ஓடங்கள், கடற்காற்று. கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்புகளின் அட்டைக்காரர்களும், பின்னாளில் தொலைக்காட்சிக்காரர்களும் அவனை வெள்ளையாக்கியது லெ குவினுக்குக் கடும் கோபத்தைத் தந்தது. தீவில் பிறந்த வாசகர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த நூலைத்தான். விற்பனைப் பட்டியலில் இன்று மேலே இருப்பதை அல்ல.

படம் பார்த்தாயிற்று, புத்தகம் எதற்கு என்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

கடைசியாகப் பணம். கண்காட்சியில் கழிவு போட்டிருக்கிறார்கள் என்று ஏழு நூல் பெட்டியை ஒரேயடியாக வாங்காதீர்கள். ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிப் புத்தகத்தின் விலை நெஞ்சை அடைக்கிறது. முதல் நூலை மட்டும் எடுங்கள். அதையும் இரவல் பெற முடிந்தால் இன்னும் நல்லது. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. தமிழில் வாசிப்பவர்களுக்கு வெள்ளவத்தை 57-ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. நூறு பக்கம் வாசித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். இரவல் நூலை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதல் நூல் பிடித்துப்போனால், இரண்டாவதை வாங்கும்போது அதே பதிப்பகத்தின் அதே அளவுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அலுமாரியில் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்பதைப் பார்த்து வருந்தும் கூட்டத்தில் நீங்களும் விரைவில் சேர்ந்துவிடுவீர்கள்.