மானிட்டர் வாங்கும் முன் கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள்

புது 4கே மானிட்டரை மாட்டியாகிவிட்டது. படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது. மானிட்டரில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. நொடிக்கு 60 முறை மாறவேண்டிய படம் 30 முறைதான் மாறிக்கொண்டிருக்கும். இந்த எண்ணிக்கையைத்தான் ஹெர்ட்ஸ் என்பார்கள். கம்ப்யூட்டரின் போர்ட், கேபிள், மானிட்டரின் போர்ட் ஆகிய மூன்றில் எது மட்டமோ, அதன் அளவுக்குத்தான் படம் வரும். அதனால் மானிட்டர் தேடுவதை உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

போர்ட்டின் வடிவத்தை நம்பவேண்டாம்

எச்டிஎம்ஐ போர்ட் எல்லாத் தலைமுறையிலும் ஒரே வடிவம். பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. லேப்டாப் அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் மாடல் எண்ணைத் தேடி, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் எந்தப் பதிப்பு, அதிகபட்சம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பது எளிய பெருக்கல். 4கே என்றால் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை. பெருக்கினால் சுமார் 12 ஜிகாபிட். வரிகளுக்கு இடையே விடும் இடைவெளியையும் சேர்த்தால் 12.5.

எச்டிஎம்ஐ 1.4-இல் படத்துக்குக் கிடைப்பது நொடிக்கு சுமார் 8 ஜிகாபிட். அதனால்தான் அதில் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 2.0-இன் பெட்டியில் 18 என்று இருக்கும். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 தான் படம், ஆகவே கைக்கு வருவது 14.4. இதில் 4கே 60 தாராளமாகப் போகும். 2560 × 1440 திரை 144 ஹெர்ட்ஸில் மயிரிழையில் அடங்கும். 165 ஹெர்ட்ஸுக்கு இடைவெளியைச் சேர்க்காமலே 14.6 வேண்டும் என்பதால் அடங்காது. சில மானிட்டர்களில் ‘எச்டிஎம்ஐ-யில் 144, டிஸ்பிளேபோர்ட்டில் 165’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதன் காரணம் இதுதான் (டிஸ்பிளேபோர்ட் என்பது எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு வகை போர்ட்). அந்தப் பொடி எழுத்தைக் கட்டாயம் படியுங்கள்.

எச்டிஎம்ஐ 2.1 முழுத்திறனில் 48 ஜிகாபிட் வரை போகும், 4கே 120-க்கும் இடம் உண்டு. ஆனால் ‘2.1’ என்று அச்சிட்ட எல்லா மானிட்டரும் 48 தருவதில்லை. பதிப்பு எண்ணை விட்டுவிட்டு, அந்த போர்ட்டில் எந்தத் தெளிவுக்கு (ரெசல்யூஷன், அதாவது பிக்சல் எண்ணிக்கை) எத்தனை ஹெர்ட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள்.

கம்ப்யூட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். 1.2 பதிப்பே 4கே 60-ஐக் கொண்டுபோகும். 1.4-இல் படத்துக்கு சுமார் 26 ஜிகாபிட் உண்டு, 4கே 120 அதில் அடங்கிவிடும். அதற்கு மேல் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை கைகொடுக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம். பிளக்கில் கொக்கி இருந்தால் பிடுங்காதீர்கள். மேலே உள்ள பட்டனை அழுத்திக்கொண்டு இழுக்கவேண்டும்.

டிவிஐ, விஜிஏ இரண்டும் பழைய திரைகளுக்கு. விஜிஏ அனலாக் என்பதால் எழுத்து சற்று மங்கும். வேறு வழி இருக்கும்போது அதைத் தொடவேண்டாம்.

யூஎஸ்பி-சி: ஒரே துளை, பல குணம்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். யூஎஸ்பி-சி போர்ட் இருப்பதால் படம் வரும் என்று பொருளில்லை. பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட்டின் ‘டிபி’ சின்னமோ தண்டர்போல்ட்டின் (அதே வடிவில் வரும் அதிவேக இணைப்பு) மின்னல் சின்னமோ இருக்கிறதா பாருங்கள். சின்னம் இல்லாவிட்டாலும் சில லேப்டாப்களில் படம் வரும். விவரப் பக்கத்தில் ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்று இருந்தால் உறுதி. போனோடு வந்த சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் படத்துக்கான கம்பிகள் அதற்குள் இல்லை.

இன்னொரு நுணுக்கம். இந்தக் கேபிளில் அதிவேகப் பாதைகள் நான்கு. மானிட்டரில் யூஎஸ்பி ஹப் (கீபோர்ட், பென்டிரைவ் செருகும் கூடுதல் போர்ட்கள்) இருந்தால் இரண்டு பாதை படத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு எனப் பிரியும். லேப்டாப் டிஸ்பிளேபோர்ட் 1.2 அளவில் இருந்தால் இரண்டு பாதையில் 8.6 ஜிகாபிட்தான், 4கே மறுபடியும் 30 ஹெர்ட்ஸ். மானிட்டரின் மெனுவில் யூஎஸ்பி என்ற பகுதிக்குப் போய் 3.0-ஐ 2.0 ஆக்கினால் நான்கு பாதையும் படத்துக்கு வந்து 60 கிடைக்கும். ஹப்பில் செருகிய பென்டிரைவ் மெதுவாகும்; கீபோர்டும் மவுஸும் மட்டும்தான் என்றால் ஒன்றும் தெரியாது.

அதே கேபிளில் லேப்டாப்பை சார்ஜ் செய்யப்போகிறீர்கள் என்றால் வாட் எண்ணையும் பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜர் 90 வாட், மானிட்டர் தருவது 65 என்றால், கனமான வேலையின்போது பேட்டரி மெல்லக் கரையும்.

அடாப்டரும் கேபிளும்

டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்று திருப்பி மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். அந்தத் திசைக்கு மின்சாரம் வாங்கி இயங்கும் தனி ஆக்டிவ் அடாப்டர் வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிளில் 4கே 60-க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, அதற்கு மேல் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற முத்திரையைத் தேடுங்கள். தங்கப்பூச்சு முனை படத்தை அழகாக்காது. நீளம்தான் படுத்தும் பாடு: 2 மீட்டருக்குள் முடித்துக்கொண்டால் நல்லது. அவ்வப்போது ஒரு நொடி திரை கறுத்துத் திரும்புகிறது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

மட்டமான டிஸ்பிளேபோர்ட் கேபிளில் வேறொரு வில்லங்கம் உண்டு. 20-ஆம் பின்னை இருபக்கமும் இணைத்திருப்பார்கள். அப்படி இணைக்கக்கூடாது, மானிட்டரின் 3.3 வோல்ட் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் திரும்பிப் பாயும். கம்ப்யூட்டர் சில சமயம் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். கேபிளைக் கழற்றியதும் சரியாகிவிட்டால், அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள்.

அளவும் தெளிவும்

எழுத்து வேலைக்கு முக்கியம் ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் என்பது. 24 இன்ச்சில் 1920 × 1080 என்றால் 92, போதும். அதே தெளிவை 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82 ஆகிவிடும், எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். 27-க்கு 2560 × 1440 கச்சிதம், சுமார் 109. 27-இல் 4கே என்றால் 163. எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், ஆனால் எல்லாம் பொடியாகிவிடுவதால் ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அமைப்பு) 150 சதவீதம் வைக்கவேண்டும். நாள் முழுக்கப் படிப்பவர், எழுதுபவர் என்றால் 144 ஹெர்ட்ஸைவிட இந்தத் தெளிவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். விளையாட்டுதான் முதல் என்றால் தலைகீழ்.

படத்தைக் காட்டும் பலகைதான் பேனல்; ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓஎல்இடி என்பவை அதன் வகைகள். பொதுவேலைக்கு ஐபிஎஸ். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. இருட்டறையில் மூலைகள் லேசாக வெளுத்துத் தெரியும். விஏ பேனலின் கறுப்பு அழுத்தமானது, கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம்) ஐபிஎஸ்ஸின் 1000:1-க்கு எதிரே சுமார் 3000:1. ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை வேகமாக உருட்டினால் பின்னால் நிழல் இழுபடும். டிஎன் பேனலில் தலையைச் சற்றுச் சாய்த்தாலே நிறம் மாறும். ஓஎல்இடி கறுப்புக்கு ஈடில்லை, ஆனால் டாஸ்க்பார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் அலுவல் வேலைக்கு, திரையில் தழும்பு விழும் அபாயத்தை எண்ணிப் பாருங்கள்.

விளம்பர எண்களில் மூன்றைக் கண்டுகொள்ளவேண்டாம். ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ என்ற கோடிக்கணக்கான எண். ‘1 மில்லிசெகண்ட் எம்பிஆர்டி’: இது பின்ஒளியை அணைத்து அணைத்து எரிப்பதால் வருவது, பேனலின் வேகம் அல்ல. ‘டிஸ்பிளே எச்டிஆர் 400’: திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கவைக்கும் வசதி இல்லாமலே இந்த முத்திரை கிடைத்துவிடும், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை) படத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்டாண்ட் உயரம் கூட்டிக் குறைக்க முடியவேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் நிற்பதற்காக. முடியாவிட்டால் பின்னால் 100 × 100 மில்லிமீட்டர் வெசா துளையாவது (தாங்கி மாட்டும் பொது அளவுத் திருகுத் துளை) இருக்கட்டும், பிறகு ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டியதும் செய்யவேண்டியவை

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்கிறதா பாருங்கள். மதர்போர்டின் போர்ட்டில் அல்ல. இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் என்று முடிந்தால் மதர்போர்டு போர்ட்டில் படமே வராது, ஏனென்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை.

விண்டோஸ் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் சில சமயம் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் எண்ணை மாற்றுங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரின் அமைப்பில் அவுட்புட் ரேஞ்சை ‘லிமிடெட்’டிலிருந்து ‘ஃபுல்’லுக்கு மாற்றுங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து குழம்பித் தெரிந்தால், நிறத் தகவல் பாதியாக வெட்டப்படுகிறது என்று பொருள். அங்கேயே கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி ஆக்குங்கள். அந்தத் தேர்வே இல்லையென்றால் போர்ட்டுக்கோ கேபிளுக்கோ அவ்வளவு தாங்கவில்லை. டிவியை மானிட்டராக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

பிரகாசத்தை 20 சதவீதத்துக்குக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். தனித்தனியாகப் பல பேனா தெரிந்தால் பின்ஒளி துடிக்கிறது. கண் வலிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்த மானிட்டரை வைத்துக்கொள்ளவேண்டாம். கடைசியாக, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பி, செத்த பிக்சல் இருக்கிறதா என்று முகத்தை அருகே வைத்துத் தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு வாரண்டி பொருந்தாமல் போகலாம், அதனால் திருப்பித்தரும் கெடு முடியும்வரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கி எறியாதீர்கள்.