காக்டீல் குஞ்சுக்குக் கையால் உணவூட்டுவது எப்படி?

காக்டீல் என்பது வீட்டில் வளர்க்கும், கொண்டை வைத்த சிறு கிளி வகை. அதன் இறகு முளைக்காத குஞ்சை வாங்கி நாமே ஊட்டினால்தான் அது நம்மோடு ஒட்டும் என்று பறவை விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். தானாகத் தின்னப் பழகிய குஞ்சும், உள்ளங்கையில் தினையை வைத்துத் தினமும் பொறுமையாக நீட்டினால் கைக்கு வந்துவிடும். தாய் கைவிட்டு, வேறு வழியில்லாத குஞ்சுக்காக மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள். தோப்பில் விழுந்து கிடந்த பச்சைக்கிளிக் குஞ்சு என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

குஞ்சுகளுக்கென்றே விற்கும் உணவு மாவு, ஊசி நீக்கிய 10 மில்லி சிரிஞ்சு, கிராம் காட்டும் சிறிய தராசு, சமையலறைத் தெர்மாமீட்டர் ஆகியவை போதும். பசும்பால் கூடவே கூடாது. பறவைகளுக்கு அது செரிக்காது.

கொதித்து ஆறிய நீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். நம் ஊரில் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடிப்போமே, அந்தப் பதம். சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை உள்ளேயே வெந்துவிடும். ஆறிப்போனாலோ உணவு அங்கேயே தேங்கிப் புளிக்கும். மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்ப்பதை நம்பாமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், ஓரிடம் ஆறியிருக்க இன்னோரிடம் கொதிக்கும்.

குஞ்சின் உடலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் முதலில் வெதுவெதுப்பாக்குங்கள், ஊட்டுவது பிறகு. பிறகு ஒரு துணிமேல் நிறுத்தி, தலையை இரு விரல்களால் மெதுவாகத் தாங்குங்கள். குஞ்சின் இடப்பக்க அலகோரத்தில் சிரிஞ்சு முனையை வைத்து, வலப்பக்கத் தொண்டையை நோக்கித் தள்ள வேண்டும். பசித்த குஞ்சு தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டும். அந்த ஆட்டத்தின்போது மட்டும் ஊட்டுங்கள். ஆட்டம் நின்றால் உங்கள் கட்டைவிரலும் நிற்க வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் என் முதல் குஞ்சை இந்தக் கட்டத்தில்தான் இழந்தேன். மிச்சம் இரண்டு மில்லிதானே என்று, ஆட்டம் நின்ற பிறகும் அழுத்தினேன். மூக்குத் துளையில் மாவுக் குமிழி வந்தது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தது, விடிவதற்குள் குஞ்சு இறந்துவிட்டது. அப்படிக் குமிழி கண்டால் உடனே நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும்: 70 கிராம் குஞ்சுக்கு ஏறத்தாழ 7 மில்லி. தீனிப்பை நீர் நிரப்பிய பலூன்போல மெத்தென்று இருக்க வேண்டும், விண்ணென்று இறுகக் கூடாது. மூன்று வாரக் குஞ்சுக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டலாம். இரவு ஓய்வில் தீனிப்பை முழுதும் காலியாக வேண்டும். காலையிலும் நிறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வேலூரின் கத்திரி வெயிலில் கரைத்த மாவு சீக்கிரம் கெடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைத்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இறக்கையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால், அதற்கு வெக்கை தாங்கவில்லை. பெட்டியை நிழலான, காற்றோட்டமான மூலைக்கு மாற்றுங்கள். மார்கழியில் நேர்மாறு, கதகதப்பு தேவை.

ஐந்தாறு வாரமானதும் காகிதத்தின்மேல் தினைக் கதிரைப் போட்டு வையுங்கள். கொறிக்கத் தொடங்கியதும் எடையைத் தினமும் குறித்துக்கொண்டே பகல் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இராத்திரி ஊட்டலைக் கடைசியாக நிறுத்துங்கள்.