உவமை புரியவில்லையா? கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள்

வேலூர்ப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பைபிளிலிருந்து இயேசு சொன்ன ஒரு உவமைக் கதையை எடுத்தால் போதும், எண்ணெய் என்றால் இது, விளக்கு என்றால் அது என்று ஆளாளுக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். புரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே நடந்த சீஷர்களுக்கே களைகளின் உவமை பிடிபடவில்லை, ஜனங்களை அனுப்பிவிட்டு இயேசு வீட்டுக்குள் வந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் (மத்தேயு 13:36).

முதல் வேலை, உவமை ஆரம்பிக்கிற வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள். பத்துப் பதினைந்து வசனம் மேலே போய், யார் கேட்டது, யார் முறுமுறுத்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகார எண்ணெல்லாம் பல நூற்றாண்டு கழித்துப் போட்டது, அதை வேலியாக நினைக்க வேண்டாம்.

மத்தேயு 20-ஐ எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் திராட்சத்தோட்டத்துக்கு வந்தவனுக்கும் சாயங்காலம் 5 மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி, ஆளுக்கு 'ஒரு பணம்' என்கிற காசு. தனியாகப் படித்தால் அநியாயமாகத்தான் படும். ஆனால் 19:27-ல் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம் பின்னால் வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார், அதற்குச் சொன்ன பதிலின் தொடர்ச்சியாகத்தான் இந்தக் கதையே வருகிறது. அப்படியென்றால் காலையில் வந்து முணுமுணுக்கிற ஆள் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், கதை எங்கே வழக்கத்துக்கு மாறாகத் திரும்புகிறது என்று தேடுங்கள். இங்கே, கடைசியில் வந்தவனுக்கு முதலில் கூலி கொடுக்கிறார்கள். முதலில் வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் சந்தோஷமாக வீடு போயிருப்பான், சண்டையே இல்லை. ஆக, எஜமான் அவன் பார்க்கட்டும் என்றே செய்கிறார்! காட்பாடி ரோட்டோரம் தூக்குச்சட்டியோடு நின்று, பத்து மணி தாண்டியும் யாரும் கூப்பிடாத ஒரு சித்தாளை நினைத்துக்கொண்டு ஏழாம் வசனத்தைப் படித்துப் பாருங்கள், 'ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை' என்கிற பதில் வேறு மாதிரி கேட்கும். அந்த ஒரு பணம் ஒரு நாள் கூலி, அதில் பாதி கொடுத்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அரை வயிறுதான்.

ஒரே உவமை இரண்டு சுவிசேஷத்தில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். காணாமற்போன ஆட்டின் கதையை லூக்கா 15-ல், முறுமுறுத்த பரிசேயருக்கு (மதச் சட்டத்தில் கறாரான யூதப் பிரிவினர்) இயேசு சொல்கிறார், மத்தேயு 18-ல் சிறியவர்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று சீஷர்களுக்கு. லூக்காவில், ஏன் பாவிகளோடு சாப்பிடுகிறார் என்ற முறுமுறுப்புக்குப் பதில், மத்தேயுவில் சபையை மேய்ப்பவர்களுக்கு எச்சரிக்கை.

எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒட்டாதீர்கள். அடிபட்டுக் கிடந்தவனை ஒரு வழிப்போக்கன் சத்திரத்தில் சேர்க்கிற நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10) சத்திரம் சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல் என்றுகூட ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் சொன்னார். பெரிய மனிதர்தான், ஆனாலும் 'எனக்குப் பிறன் யார்' என்று இயேசுவிடம் கேட்ட நியாயசாஸ்திரிக்கு (மதச் சட்டம் படித்தவர்) அது பதிலாகுமா? விதைக்கிறவன், களைகள் இரண்டுக்கும் இயேசுவே ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறார், அங்கே மட்டும் அப்படிப் பிரிக்கலாம்.

புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் லூக்கா 16-ன் அநீதியுள்ள உக்கிராணக்காரனில் (எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொள்கிற கணக்குப்பிள்ளை) கைவைக்க வேண்டாம், நன்றாகப் படித்தவர்களே அதில் தடுமாறுகிறார்கள். லூக்கா 18-ல் விதவையையும் நீதிபதியையும் எடுங்கள், எதற்குச் சொன்னார் என்பதை முதல் வசனத்திலேயே லூக்கா எழுதிவிட்டார்.