டர்போ காரில் ஏர் ஆயில் செப்பரேட்டர்: என்ன செய்கிறது, எப்படி மாட்டுவது

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற சாமான்) இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிரவைக்கிற சாமான்) போகிற குழாயைக் கழற்றி, உள்பக்கம் விரலால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஆயில் ஒட்டும். காற்று மட்டும் போகவேண்டிய குழாய் அது. இதைப் பார்த்ததும் "டர்போ போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய பேர். மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் டர்போ மேல் குற்றமில்லை. இன்ஜின் விடுகிற மூச்சோடு சேர்ந்து வந்த ஆயில் அது. அந்த மூச்சிலிருந்து ஆயிலைப் பிரித்தெடுக்கிற டப்பாவுக்குத்தான் ஏர் ஆயில் செப்பரேட்டர் என்று பெயர்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் எந்த ஹோஸில், எப்போது, எந்தப் பக்கமாகக் காற்று ஓடுகிறது என்பது புரியாமல் கை வைத்தால் இருந்ததையும் கெடுத்துவிடுவோம். அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் மூச்சு விடும் கதை

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சிலிண்டரை முழுசாக அடைக்காது. எரிகிற வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் சுற்றுகிற அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கும், இதைத்தான் புளோ-பை என்கிறோம். டர்போ இன்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) ஏறும்போது இதுவும் ஏறும். கீழே கிராங்க் சுற்றுகிற வேகத்தில் ஆயில் பனிமூட்டம் மாதிரி தெறித்து மிதந்துகொண்டிருக்கும்; இறங்கி வந்த வாயு அந்தத் துளிகளையும், எரியாத பெட்ரோலையும், நீராவியையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இதற்கு வெளியேற வழி வேண்டும். வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும், சில நேரம் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கே துள்ளி வெளியே வந்துவிடும்.

ஒரு காலத்தில் இந்த வாயுவைக் குழாய் வழியாக அப்படியே ரோட்டில் விட்டார்கள். கலிபோர்னியாவின் புகைமூட்டப் பிரச்சினைக்குப் பிறகு, 1960களின் தொடக்கத்தில் இந்த வாயு போகிற வழியைக் கட்டுப்படுத்துகிற பிசிவி வால்வு பரவலாக வந்தது. வாயுவை இன்டேக்குக்கே, அதாவது இன்ஜின் காற்று உறிஞ்சுகிற வழிக்கே, திருப்பி அனுப்பி எரித்துவிடுவதுதான் ஏற்பாடு.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் இது எளிது, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்) எப்போதும் கொஞ்சமாவது உறிஞ்சல் இருக்கும், அது வாயுவை இழுத்துக்கொள்ளும். டர்போவில் இரண்டு வழி உண்டு. ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் பழைய மாதிரியே மேனிஃபோல்டு இழுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டு இழுப்பதை விட்டுத் தள்ள ஆரம்பிக்கும், அப்போது பிசிவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும், வாயு இன்னொரு ஹோஸ் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற குழாய்க்குப் போகும். அங்கே டர்போ காற்றை உறிஞ்சுவதால் லேசான இழுப்பு இருக்கும். புளோ-பை மிக அதிகமாக இருக்கிற நேரத்தில் எல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது, ஆயிலும் கூடவே டர்போவுக்குள், இன்டர்கூலருக்குள், கடைசியில் சிலிண்டருக்குள் போய்ச் சேர்கிறது.

அதனால் என்ன கெடுகிறது?

இன்டர்கூலரின் உள்பக்கம் ஆயில் படிந்தால் சூடு சரியாக வெளியே போகாது. சிலிண்டருக்குள் போகிற ஆயில் பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்துவிடும், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும், கம்ப்யூட்டர் அதைப் பார்த்து இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளும், வண்டி மந்தமாகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினாக இருந்தால் இன்னொரு தலைவலியும் உண்டு: பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை, ஆயில் அங்கேயே வெந்து கரியாகக் கட்டிப்போகும்.

பலரும் கவனிக்காத ஒன்று, டர்போவின் பேரிங்கை நனைத்த ஆயில் எந்தப் பம்பும் இல்லாமல் தன் எடையாலேயே கீழே ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) வடிகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அது வடியாமல் தேங்கி, டர்போ சீலைத் தாண்டிக் கசியும், சைலன்சரில் நீலப் புகை தள்ளும். நல்ல டர்போவைக் கழற்றி மாற்றிய பிறகும் புகை நிற்கவில்லை என்று புலம்புகிற கதைகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணம்.

செப்பரேட்டர் டப்பாவுக்குள் தடுப்புத் தகடுகளோ சுழல் பாதையோ கம்பி வலையோ இருக்கும். வாயு திசை மாறி மோதும்போது கனமான ஆயில் துளிகள் சுவரில் ஒட்டி வடியும், காற்று மட்டும் மேலே போகும். வடிந்த ஆயில் மறுபடி இன்ஜினுக்கே திரும்பும். கேட்ச் கேன் என்பதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் சேர்ந்ததை நாம்தான் திறந்து கொட்டவேண்டும். நல்ல செப்பரேட்டர்களில் இன்ஜின் சூட்டை வாங்கி வருகிற கூலன்ட் ஓடுவதற்கும் தனி வழி இருக்கும், டப்பா சூடாகவே இருப்பதால் நீராவி உள்ளே தண்ணீராகாமல் வெளியே போய்விடும். சூடு இல்லாத டப்பாவில் தண்ணீரும் ஆயிலும் கலந்து மோர் மாதிரி ஒரு கூழ் தேங்கும், அதை இன்ஜினுக்குள் திருப்பி விடுவது வீண் வேலை. கடும் குளிர் நாடுகளில் அந்தத் தண்ணீர் உறைந்து ஹோஸையே அடைத்துவிடும்.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற காராக இருந்தால் கூலன்ட்டே சரியாகச் சூடாகாது. அப்படிப்பட்ட காருக்கு நான் கேட்ச் கேனைத்தான் சொல்வேன். பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இருக்கிற பவர் குறையாமல் பார்த்துக்கொள்கிற சாமான் இது.

படி 1: இன்ஜினின் உடல்நிலை

ரிங் தேய்ந்த இன்ஜினுக்குச் செப்பரேட்டர் மருந்தாகாது. கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது) எடுத்துவிடுங்கள், முடிந்தால் லீக்-டவுன் டெஸ்டும் (அந்த அழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது). அப்புறம் பிசிவி வால்வைக் கழற்றி இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள் (துடைத்துவிட்டு ஊதுங்கள், அந்த ருசி லேசில் போகாது). கிராங்க்கேஸ் பக்கமிருந்து ஊதினால் காற்று போகவேண்டும், மேனிஃபோல்டு பக்கமிருந்து ஊதினால் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் பூஸ்ட் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வால்வை மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

படி 2: படம் வரையுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஒரு தாளில் எந்த ஹோஸ் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறியோடு வரைந்து, ஒவ்வொரு ஹோஸிலும் டேப் ஒட்டி எண் போடுங்கள். செப்பரேட்டருக்குள் வருவது கிராங்க்கேஸ் ஹோஸும் வால்வு கவர் ஹோஸும். வெளியே போவது டர்போவுக்கு முன்னால் இருக்கிற குழாய்க்கு. டர்போவைத் தாண்டிய குழாயில் தவறிப்போய் மாட்டினால் இன்ஜினுக்குள் நாமே காற்றடிக்கிறோம். கடையில் வாங்குகிற சில செப்பரேட்டர் கிட்டுகளில் மேனிஃபோல்டுக்குப் போகிற வழியையே மூடச் சொல்வார்கள், அப்படியென்றால் அந்த வாயை இறுக்கமாக மூடவேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடில் ஏறி இறங்கும்.

படி 3: இடம்

இன்ஜினுக்கு ஆயில் திரும்புகிற இடத்தைவிட டப்பா உயரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. எக்ஸாஸ்ட்டுக்கும் டர்போவின் சூடான பக்கத்துக்கும் தள்ளி, பாடியில் பிடிக்கும்படி மாட்டுங்கள். பானெட்டை மெதுவாக மூடி இடிக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: ஹோஸ்

தப்பு நடக்கிற இடம் இதுதான், என்னுடையது உட்பட. முதல் தடவை மாட்டியபோது கையில் கிடந்த ஹீட்டர் ஹோஸை (அதுவும் கூலன்ட் ஹோஸ்தான்) வெட்டிப் போட்டேன். பார்க்கத் தடிமனாக, உறுதியாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் ஊறிய அப்பளம் மாதிரி தொளதொளவென்று, விரலால் அமுக்கினால் உள்சுவர் ஒட்டிக்கொள்கிற நிலையில். கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், கூலன்ட்டுக்கு அருமையானது, ஆயில் பட்டால் உப்பிவிடும். ஆயில் போகிற வழிக்கெல்லாம் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் அல்லது உள்ளே ஃபுளோரோ பூச்சு இருக்கிற ஹோஸ்தான் சரி. வெறும் சிலிகான் ஹோஸும் வேண்டாம், நாளடைவில் ஆயில் அதன் வழியாகக் கசிந்து வெளியே ஈரமாகும்.

பழைய ஹோஸின் உள்விட்டத்தைவிடச் சின்னதாகப் போடாதீர்கள். நடுவில் தொட்டில் மாதிரி தொங்கவும் விடாதீர்கள், அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கி வழியை அடைக்கும்.

படி 5: கூலன்ட்டும் வடிகாலும்

இன்ஜின் ஆறியிருக்கவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும். கீழே ஒரு தட்டு வைத்து, கிட்டில் காட்டியிருக்கிற கூலன்ட் ஹோஸை வெட்டி டப்பாவோடு இணையுங்கள். ஆயில் வடிகிற ஹோஸைக் கிட்டில் சொன்ன இடத்தில்தான் மாட்டவேண்டும், ஏனென்றால் அதன் வழியாக வாயு மேலே ஏறினால் ஆயில் கீழே இறங்காது. பிறகு கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள்.

இத்தோடு இன்டர்கூலரையும் குழாய்களையும் கழுவிக் காயவைத்து மாட்டிவிடுங்கள். பழைய ஆயில் உள்ளேயே இருந்தால் அடுத்த தடவை பார்க்கும்போது செப்பரேட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

படி 6: ஸ்டார்ட்

ஃபேன் ஓடுகிற வரை ஐடிலில் விட்டு ஒவ்வொரு கிளாம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டப்பா சூடாகியிருக்கவேண்டும், ஜில்லென்று இருந்தால் கூலன்ட் வழியில் காற்று அடைத்திருக்கிறது. ஒரு சின்ன ஓட்டம் போய்வந்து, ஆறியதும் கிளாம்புகளை மறுபடி இறுக்கி, கூலன்ட் அளவையும் ஆயில் அளவையும் பாருங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முதலில் சொன்ன அதே குழாயைக் கழற்றி, இந்தத் தடவை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான பழுப்புக் கறை சகஜம், எந்த டப்பாவும் நுண்ணிய துளிகள் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. துணி நனைகிற அளவுக்கு ஆயில் இருந்தால் வடிகால் ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதுவும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எண்களை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.